எடுத்த இடம் எது? மாணவர் கேள்விகளும் பதில்களும்

ஆய்வேடுகள் பைண்டிங்குக்குப் போகும் காலம் நெருங்கிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேற்கோள், அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் ஆகியவற்றைப் பற்றியே கேட்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

முதுகலை மாணவி, தாம்பரம்: அம்மா, வணக்கம். ஒரு நூலின் சில பக்கங்களைப் படித்துவிட்டு, சொற்களை மாற்றி என் நடையிலேயே எழுதியிருக்கிறேன். ஒரு வரிகூட அப்படியே இல்லை. பிற நூல்களோடு ஒத்த சொற்களைக் கண்டறியும் மென்பொருளில் சோதித்தபோது ஒப்புமை 9 விழுக்காடுதான் வந்தது. 10 வரை அனுமதி உண்டு என்று தோழிகள் சொல்கிறார்கள். ஆனாலும் நெறியாளர் அந்தப் பகுதியை வட்டமிட்டு, ‘ஆதாரம் எங்கே?’ என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். நான் செய்தது தவறா?

உங்கள் நெறியாளர் கேட்டது நியாயமான கேள்வி. சொற்கள் உங்களுடையவையாக இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியைத் தேடிக் கண்டவரும், அதை ஒரு வாதமாக வரிசைப்படுத்தியவரும் வேறொருவர். ஆய்வேட்டைப் படிப்பவர், ‘இதை இந்த மாணவியே கண்டறிந்தாரா, வேறொருவர் சொன்னதை ஏற்றுக்கொண்டாரா?’ என்று ஒவ்வொரு பத்தியிலும் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாதபடி எழுதுவதைத்தான் கருத்துத்திருட்டு என்கிறோம். ஒரு சொல்லும் ஒத்துப்போகாவிட்டாலும் அது கருத்துத்திருட்டுதான்.

விளக்கத்துக்காக நானே ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன். ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘சென்னையின் ஏரிகள் தனித்தனி நீர்நிலைகள் அல்ல, ஒன்றின் கலங்கலில் வழியும் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும் தொடராகவே அவை வெட்டப்பட்டன.’ இதை ஒரு மாணவர், ‘சென்னையில் உள்ள ஏரிகள் தனித்த நீர்நிலைகளல்ல, ஒன்றின் கலங்கல் மூலம் வெளியேறும் மிகுதியான நீர் அடுத்த ஏரியை அடையும் சங்கிலியாக அவை அமைக்கப்பட்டன’ என்று எழுதுகிறார். ‘உபரி’ போய் ‘மிகுதி’ வந்தது, ‘தொடர்’ போய் ‘சங்கிலி’ வந்தது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. இதன் கீழே அடிக்குறிப்பு போட்டாலும் குறை முழுதும் நீங்காது. ஏனென்றால், வாக்கியம் உங்களுடையது என்ற தோற்றம் அங்கே பொய்யாகிறது. அப்படியே எடுப்பதென்றால் மேற்கோள் குறிக்குள் எடுங்கள்.

நூலை மூடி வைத்துவிட்டு, உங்கள் வாதத்துக்கு அதிலிருந்து என்ன தேவை என்று யோசித்து எழுதினால் பத்தி வேறு மாதிரி வரும்: ‘சென்னை ஏரிகளைத் தனித்தனியே ஆராயக் கூடாது என்கிறார் இந்நூலாசிரியர், ஓர் ஏரியின் கலங்கலில் வழிவதே அடுத்ததற்கு நீர்வரத்து என்பது அவர் காட்டும் காரணம். நான் களத்தில் பார்த்த தூர்ந்துபோன வாய்க்கால் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.’ ஆசிரியர் பெயர் வருமிடத்தில் ஆண்டும் பக்க எண்ணும் சேர்ந்துவிட்டால் குறை ஒன்றுமில்லை. அவர் சொன்னது எங்கே முடிகிறது, நீங்கள் சொல்வது எங்கே தொடங்குகிறது என்பது படிப்பவருக்குத் தெரிகிறது. பத்தியின் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, மேலேயுள்ள ஏழெட்டு வாக்கியங்களுக்கும் அதுவே போதும் என்று விடுவது நம் ஆய்வேடுகளில் மிகப் பரவலாகக் காணும் பழக்கம். அங்கே அந்த எல்லை அழிந்துவிடுகிறது.

இனி அந்த 10 விழுக்காடு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறையில், ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இது பொருந்தும். உரிய முறையில் ஆதாரம் காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. பொது அறிவாக உள்ளவற்றையும், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களையும் அது விலக்கியிருக்கிறது.

தண்டனை இல்லை என்பதை அனுமதி உண்டு என்று படித்துவிடக் கூடாது. மென்பொருள் ஒத்த சொற்களை எண்ணுமே தவிர, யாருடைய கருத்து என்று அதற்குத் தெரியாது. நூறு பக்க ஆய்வேட்டில் 9 விழுக்காடு என்பது ஒன்பது பக்கம். ஆதாரம் காட்டாத ஒன்பது பக்கத்தை எந்த நெறியாளரும் ஏற்கமாட்டார். மாறாக, ஒரு நூலைப் பாட்டுப் பாட்டாக ஆராயும் இலக்கிய ஆய்வேட்டில் எண் கூடுதலாக வந்தாலும், எல்லாம் மேற்கோள் குறிக்குள் பாடல் எண்ணோடு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களைப் புரட்டிப் போடும் வேலையை விட்டுவிட்டு, ஆதாரத்தைச் சேர்த்து அந்தப் பக்கங்களைத் திரும்ப எழுதுங்கள்.

ஆய்வு மாணவர், திருவல்லிக்கேணி: சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்கிறேன். முந்தைய ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் உ.வே.சா.வின் 1894 புறநானூற்றுப் பதிப்பு துணைநூற்பட்டியலில் இருக்கிறது. நான் பயன்படுத்துவது வேறொரு பதிப்பகத்தின் மறுபதிப்பு. பட்டியலில் 1894 என்று போடலாமா? பக்க எண் தருவதா, பாடல் எண் தருவதா?

1894 பதிப்பை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்தால் மட்டுமே 1894 என்று எழுதலாம். கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் மறுபதிப்பின் ஆண்டையும் பதிப்பகத்தையும் எழுதி, முதற்பதிப்பின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். இது வெறும் முறைமைக்காகச் சொல்வதன்று. மறுபதிப்புகளில் முன்னுரை சுருங்கியிருக்கலாம், பாடவேறுபாடுகள் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்கள்) விடுபட்டிருக்கலாம், பக்கங்கள் நிச்சயமாக மாறியிருக்கும். நீங்கள் காட்டும் பக்கத்தை ஒருவர் மூலப் பதிப்பில் தேடி அங்கே வேறு பாட்டைக் கண்டால், உங்கள் மற்ற மேற்கோள்களையும் அவர் ஐயப்படுவார்.

முதற்பதிப்பையே பார்க்க வேண்டும் என்றால் சென்னையில் இருப்பது உங்கள் பேறு. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் பல படக்கோப்புகளாகவே கிடைக்கின்றன. ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

பழைய பதிப்புகளைப் பார்க்கும்போது ஆண்டில் கவனமாக இருங்கள். சிலவற்றின் முகப்பில் ஆண்டு தமிழ் எண்களில் இருக்கும். ௧௮௯௪ என்றால் 1894. சிலவற்றில் அறுபதாண்டு வட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். ‘ஜய’ என்று இருந்தால் அது 1894-95 ஆகவும் இருக்கலாம், 1954-55 ஆகவும் இருக்கலாம். அச்சகம், முன்னுரை ஆகியவற்றைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். நூலில் உள்ளதை முதலில் அப்படியே எழுதி, நீங்கள் கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் தருவது நல்ல வழக்கம். எது அச்சிலிருப்பது, எது உங்கள் கணிப்பு என்பது பிரிந்து தெரியும்.

பாடல் எண்ணா பக்க எண்ணா என்பதற்கு: மூலத்துக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும், உரைக்கும் முன்னுரைக்கும் பக்க எண். புறம். 192 என்றால் எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவரும் ‘யாதும் ஊரே’ பாட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் எல்லா நூலுக்கும் எண் இப்படி நிலையாக இல்லை. தொல்காப்பியத்தில் இளம்பூரணர் ஒன்றாகக் கொண்ட நூற்பாவை இன்னோர் உரையாசிரியர் இரண்டாகக் கொண்டிருப்பார். நூற்பா எண் உரைக்கு உரை நகர்ந்துபோகும். ஆகவே அதிகாரம், இயல், நூற்பா எண் ஆகியவற்றோடு எந்த உரைப் பதிப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். திருக்குறளில்கூட இன்று நாம் வழங்கும் எண் பரிமேலழகரின் வரிசைப்படியானது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மாறி வருவதுண்டு.

குறளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். ‘எப்பொருள்’ என்று தொடங்கும் குறள்கள் இரண்டு. ‘யார்யார்வாய்க் கேட்பினும்’ என்பது அறிவுடைமையில் 423; ‘எத்தன்மைத் தாயினும்’ என்பது மெய்யுணர்தலில் 355. இரண்டின் ஈற்றடியும் ‘மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்றே முடிவதால், ஒன்றின் வரியை எழுதி மற்றதன் எண்ணைப் போடுவது மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி நேர்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டாக இருந்தாலும், எண் போடும்போது நூலைத் திறந்து பாருங்கள்.

ஆதாரம் விடுபட்டால் பின்னால் வருபவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று இருக்கிறது. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் பல மேற்கோள்கள் ‘என்றார் பிறரும்’ என்ற அளவிலேயே நின்றுவிடும். அந்தப் பிறர் யார், அந்த அடிகள் எந்த நூலில் உள்ளன என்று தெரியாமல் உ.வே.சா. ஏடு ஏடாகத் தேடிய வரலாற்றை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். உரையாசிரியர் காலத்தில் கேட்பவருக்கு அந்த நூல்கள் தெரிந்திருக்கும். நூற்றாண்டுகள் கழிந்து, நூல்களே மறைந்திருந்த காலத்தில், அந்த ஒரு சொல் போதவில்லை.

இளங்கலை மாணவர், அம்பத்தூர்: ஒரு கட்டுரையில் இன்னொரு அறிஞரின் கூற்று மேற்கோளாக வருகிறது. அந்த அறிஞரின் நூல் கிடைக்கவில்லை. அடிக்குறிப்பில் அவர் நூலையே போட்டுவிடலாமா?

கூடாது. நீங்கள் பார்த்தது கட்டுரையைத்தான். அறிஞரின் பெயரைச் சொல்லி, ‘இக்கட்டுரையில் எடுத்தாளப்பட்டது’ என்று கட்டுரையின் விவரத்தையும் பக்கத்தையும் தாருங்கள். துணைநூற்பட்டியலிலும் கட்டுரை மட்டுமே வர வேண்டும். கட்டுரையாசிரியர் ஒரு சொல்லை விட்டிருந்தாலும், முன்பின் வாக்கியங்களை வெட்டியிருந்தாலும், அந்தப் பிழை உங்கள் தலையில் விழாது. ஆனால் உங்கள் வாதம் முழுவதும் அந்த ஒரு கூற்றின்மேல் நிற்கிறது என்றால், மூல நூலைத் தேடிப் பிடிக்காமல் எழுதாதீர்கள்.

ஆய்வு மாணவி, கோட்டூர்புரம்: துணைநூற்பட்டியல் தயாரிக்க உதவும் ஜோட்டிரோ மென்பொருளில் தமிழ் நூல்களைச் சேர்த்தால் ஆசிரியர் பெயர்கள் தாறுமாறாகின்றன. தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. எந்த மேற்கோள் நடையைப் பின்பற்றுவது என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.

நடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பல்கலைக்கழகமோ துறையோ எதைச் சொல்கிறதோ அதுதான். சமூக அறிவியலில் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையும், இலக்கியத்தில் எம்.எல்.ஏ. (நவீன மொழிகள் சங்கம்) நடையும் பெருவழக்கு, இப்போது நடப்பிலுள்ளவை ஏ.பி.ஏ.வின் 2019-ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பும், எம்.எல்.ஏ.வின் 2021-ஆம் ஆண்டு ஒன்பதாம் பதிப்பும். தமிழ்த்துறைகளில் அடிக்குறிப்பும், முந்தைய குறிப்பில் வந்த அதே நூல் என்பதைச் சுட்டும் ‘மேலது’ என்ற குறியீடும் இன்னும் செல்வாக்கோடு இருக்கின்றன. எதை எடுத்தாலும் முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ‘மேலது’ போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடைசி நேரத்தில் இடையில் ஒரு குறிப்பைச் செருகினால், அதற்குக் கீழே உள்ள ‘மேலது’ வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும்.

பெயர்ச் சிக்கலுக்குக் காரணம், அந்த நடைகள் குடும்பப் பெயர் உள்ள மக்களுக்காக வகுக்கப்பட்டவை என்பதுதான். நமக்குத் தலைப்பெழுத்து தந்தையின் பெயரையோ ஊரையோ குறிக்கும். ஒருவரை நாம் தேடுவது அவருடைய சொந்தப் பெயரில். ஆகவே ‘வரதராசன், மு.’ என்பதே சரி. சாதிப் பின்னொட்டைக் குடும்பப் பெயராக எண்ணி ‘ஐயர், உ.வே.சா.’ என்றோ ‘பிள்ளை, எஸ்.வை.’ என்றோ எழுதிவிட்டால், தமிழ் வாசகர் எவரும் அந்த இடத்தில் தேடமாட்டார்; ‘சாமிநாதையர், உ.வே.’, ‘வையாபுரிப்பிள்ளை, எஸ்.’ என்றே எழுதுங்கள். புனைபெயரில் நூல் வந்திருந்தால் முகப்பில் உள்ள புனைபெயரே பட்டியலுக்கும் உரியது: புதுமைப்பித்தன் என்று மட்டும் போதும், காற்புள்ளியும் வேண்டாம்.

ஜோட்டிரோவில் பெயரை உள்ளிடும் இடத்தில் இரு கட்டங்களை ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. புனைபெயர்களுக்கும் நிறுவனப் பெயர்களுக்கும் அதைப் பயன்படுத்துங்கள். தலைப்பெழுத்து உள்ளவர்களுக்குச் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் தலைப்பெழுத்தை முதற்பெயர்க் கட்டத்திலும் நீங்களே இடுங்கள். இணையத்திலிருந்து தானாக இறங்கும் விவரங்களை அப்படியே நம்பாமல், ஒவ்வொன்றையும் நூலின் முகப்போடு ஒப்பிடுங்கள்.

கல்லூரி மாணவி, பெரம்பூர்: பாரதியார் படைப்புகள் நாட்டுடைமை ஆகிவிட்டன அல்லவா? அவற்றிலிருந்து எடுப்பதற்கும் ஆதாரம் காட்ட வேண்டுமா?

வேண்டும். பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைச் சென்னை அரசு 1949-இல் பெற்றது. யாரும் அனுமதி கேட்காமலும் பணம் தராமலும் அச்சிடலாம் என்ற நிலை அதிலிருந்து பிறந்தது. அது வெளியிடும் உரிமையைப் பற்றியது. யார் எழுதியது என்பது அதனால் மாறுவதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையை ஆசிரியருக்குத் தனியே வைத்திருக்கிறது.

சட்டம் எதுவும் இல்லாத காலத்தில்கூட நம் புலவர்கள் பெயர் சொல்லி எடுத்தாண்டிருக்கிறார்கள். ‘தெய்வம் தொழாஅள்’ என்ற குறளை மணிமேகலையில் சாத்தனார் எடுத்தாளும்போது, ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்று அது யாருடைய வாக்கு என்பதையும் சேர்த்தே சொல்கிறார். உங்கள் கட்டுரையில் எந்தப் பாரதி பதிப்பு என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்; நாட்டுடைமை ஆனதால்தான் பதிப்புகள் பெருகியிருக்கின்றன, பாடங்களும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகின்றன.

முதுகலை மாணவர், கிண்டி: சாட்ஜிபிடியிடம் என் தலைப்புக்கு ஆதார நூல்கள் கேட்டேன். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்க எண் எல்லாவற்றோடும் பட்டியல் தந்தது. அதைத் துணைநூற்பட்டியலில் சேர்க்கலாமா?

நீங்கள் பார்க்காத ஒரு நூலையும் சேர்க்காதீர்கள். இத்தகைய மென்பொருள்கள் சொற்றொடர்களை இயல்பாக அடுக்குவதில் வல்லவை. இல்லாத நூலுக்கும் பொருத்தமான தலைப்பும் பக்க எண்ணும் தந்துவிடும். ஆசிரியர் உண்மையானவராக இருப்பார், பதிப்பகமும் இருக்கும், அந்த நூல் மட்டும் இருக்காது. 2023 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், சாட்ஜிபிடி புனைந்து தந்த தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. தொழில்முறை வழக்கறிஞர்களுக்கே நேர்ந்தது அது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், ‘இந்த நூலை எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

ஒரு நூல் உண்மையில் வெளிவந்ததா என்று பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகம் உதவும். 1896-இல் திறக்கப்பட்ட அது, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி ஒன்று வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களுள் ஒன்று. ஆய்வேடு என்றால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் தேடுங்கள். ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எண் (கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான எண்) கொடுக்கப்பட்டிருந்தால், அதைத் திறந்து அதே கட்டுரைதான் வருகிறதா என்று பாருங்கள். அந்த மென்பொருளை மொழிநடை திருத்தவோ வேறெதற்கோ பயன்படுத்தியிருந்தால், எதற்கு, எந்த அளவுக்கு என்பதை நெறியாளரிடம் சொல்லி, ஆய்வேட்டிலும் குறிப்பிட்டுவிடுங்கள்.

நாட்டார் வழக்காற்றியல் மாணவி, இராயபுரம்: காசிமேட்டில் மீனவப் பெரியவர்களிடம் வலை, காற்று, நீரோட்டம் பற்றிய சொற்களைச் சேகரித்திருக்கிறேன். இவை எந்த நூலிலும் இல்லை. இவற்றுக்கு ஆதாரம் எப்படிக் காட்டுவது?

உங்கள் கேள்வி எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அச்சில் இருப்பவருக்குத் தரும் மதிப்பை வாய்மொழியாகச் சொன்னவருக்கும் தர வேண்டும் என்று நினைத்துத்தானே கேட்டிருக்கிறீர்கள். ‘மீனவர்கள் கூறுவர்’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். சொன்னவர் பெயர், வயது, ஊர், தொழில், நேர்காணல் நடந்த நாள், இடம் ஆகியவற்றைத் தகவலாளர் பட்டியலாகப் பின்னிணைப்பில் தந்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். கட்டுரைக்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த எண்ணைக் காட்டுங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு பெரியவர்கள் வெவ்வேறு பொருள் சொல்லியிருந்தால் இரண்டையும் அவரவர் எண்ணோடு பதிவு செய்யுங்கள். ஏ.பி.ஏ. நடையில் இத்தகைய நேர்ப்பேச்சுகள் துணைநூற்பட்டியலில் இடம்பெறுவதில்லை, வாசகர் எடுத்துப் பார்க்க இயலாது என்பதால். ஆகவே உங்கள் துறை அந்த நடையைக் கேட்டாலும் தகவலாளர் பட்டியலைத் தனியே வைத்துக்கொள்ள நெறியாளரிடம் ஒப்புதல் பெறுங்கள்.

பெயரை வெளியிடலாமா என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அவர் சொன்ன பதிலையும் ஒலிப்பதிவிலேயே பதிந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்பவரை எண்ணால் மட்டும் குறித்து, வயதையும் தொழிலையும் அவர் யாரென்று பிடிபடாத அளவுக்குப் பொதுவாகச் சொல்லுங்கள். ஒலிப்பதிவுகளின் ஒரு படியைத் துறை நூலகத்தில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் கோப்பின் பெயரையும், அந்தச் சொல் வரும் நிமிடத்தையும் அடிக்குறிப்பில் தந்துவிடலாம்.